சிறிய கூடத்தின் சுவர்களுக்கு நிறமும் வேலைப்பாடும் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் வாங்கிய புதிய அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சி மாட்டும் சுவரை மட்டும் டெக்ஸ்சர் (மேடுபள்ளமான பூச்சு வேலை) செய்யலாமா, வால்பேப்பர் ஒட்டலாமா, அடர்ந்த நிறம் பூசலாமா என்றும், கூடம் சிறியது என்பதால் மற்ற மூன்று சுவர்களும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடுகளின் உள்வேலையைத் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது, நிற அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சுவர் மீதும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துவிடுங்கள் என்பதுதான். எந்தச் சுவருக்கு நிறம், எதற்கு வேலைப்பாடு, எதைச் சும்மா விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

சன்னல் இருக்கிற சுவர் பகலில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதில் அடர்ந்த நிறம் பூசினால் சன்னலின் பிரகாசமும் சுவரின் இருட்டும் அருகருகே நின்று கண்ணைக் கூசச் செய்யும். அதை வெளிறிய நிறத்திலேயே விட்டுவிடுவது நல்லது. சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெளிச்சம் நேராக, முழுதாக விழுவதால் நிறம் அங்கேதான் உள்ளபடி தெரியும். ஆனால் அதே நேர் வெளிச்சத்தில் டெக்ஸ்சரின் மேடுபள்ளங்களுக்கு நிழல் விழாது. செலவழித்துச் செய்த வேலைப்பாடு தட்டையாகத் தெரியும். பக்கச் சுவர்கள் இரண்டிலும் வெளிச்சம் சாய்வாக உரசிக்கொண்டு போகிறது. சீப்பால் இழுத்த கோடு, கையால் தேய்த்த சுண்ணாம்பு, மேல் பூச்சு இல்லாத செங்கல் ஆகியவற்றுக்கு உயிர் வருவது அங்கேதான். பட்டி பார்த்தபோது சரியாகத் தேய்க்காமல் விட்ட ஒவ்வொரு மேடும் காட்டிக்கொடுக்கப்படுவதும் அங்கேதான் என்பதால், பக்கச் சுவரில் மினுமினுப்பான பெயின்ட் வேண்டாம், மேட் வகையே போதும்.

தொலைக்காட்சிச் சுவரைப் பொறுத்தவரை, அதை யாரும் வெளிச்சம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பிளக் பாயின்ட் இருக்கிற இடத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதன் நடுப்பகுதியைத் திரையும் கீழ்ப்பகுதியை அலமாரியும் மறைத்துக்கொள்கின்றன, மிச்சம் இருக்கும் ஓரங்களுக்காக வேலைப்பாடு செய்ததுபோல் ஆகிவிடுகிறது. இரவில் திரைக்கும் பின்சுவருக்கும் வேறுபாடு அதிகமானால் கண் களைத்துப்போகும் என்பதால், அங்கே சாம்பல் கலந்த நடுத்தர நிறம் ஒன்றை மேட் வகையில் பூசிவிட்டு, ஒதுக்கிய பணத்தை வேறொரு சுவருக்குச் செலவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அட்டையில் பார்க்கும் நிறம் சுவரில் எப்போதும் அழுத்தமாகத் தெரியும். ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவரில் பட்டு, அது திரும்பி முதல் சுவருக்கே வருவதால் நிறம் நிறத்தோடு சேர்ந்து கூடுகிறது. பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது அதனால்தான். இதோடு தரையும் வெளியுலகமும் சேர்ந்துகொள்கின்றன: சிவப்பு ஆக்சைடு தரை வெள்ளைச் சுவரின் கீழ்ப்பகுதியை இளஞ்சிவப்பாக்கும், எதிர்க் கட்டடத்துக்குப் பச்சை அடித்திருந்தால் அந்தப் பச்சை உங்கள் கூடத்துக்குள் வரும். ஆகவே இரண்டடிக்கு இரண்டடி பலகையிலோ தடித்த அட்டையிலோ இரண்டு கோட் பூசி, ஓரத்தில் வெள்ளை விட்டு, அதைச் சுவருக்குச் சுவர் மாற்றிச் சாய்த்து வைத்துக் காலையிலும் உச்சிவேளையிலும் இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள். சுவரிலேயே பட்டையாகப் பூசிப் பார்த்தால், பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து கண்ணைக் குழப்பும்.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்தான் எரிகிறது. கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். மண்சிவப்பு, மஞ்சள்காவி, வெண்ணெய் நிறம் ஆகியவை அந்த வெளிச்சத்தில் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும். அதே சுவர் 3000 கெல்வின் விளக்கில் கனிந்து தெரியும். வீட்டிலிருப்பவர்கள் வேலை முடிந்து வந்து அந்தச் சுவரைப் பார்ப்பதே இரவில்தான் என்றால், பகல் வெளிச்சத்தை மட்டும் நம்பி நிறம் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் ஒன்றை மட்டும் மறுத்துச் சொல்கிறேன். வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் வராது, நீலம் பாய்ந்த குளிர்ந்த ஒளிதான் வரும், எனவே சூடான நிறமே பூச வேண்டும் என்பது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது, இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கிறது. ஆக, கோடையின் உச்சத்தில் வெயில் எட்டிப்பார்ப்பது வடக்குச் சன்னலில்தான். அந்த அறைக்கு வெளிறிய பச்சையோ நீலச்சாம்பலோ பூச யாரும் தயங்க வேண்டியதில்லை.

சிறிய கூடம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வெளிச்சம் வருகிற கூடமாக இருந்தால் வெள்ளை அழகு, வராத கூடமாக இருந்தால் வெள்ளையே அதைக் கெடுத்துவிடும் என்பது. திருப்பி அனுப்ப ஒளியே இல்லாத இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். நிற அட்டைகள் பலவற்றின் பின்பக்கத்தில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். கறுப்பு 0, வெள்ளை 100 என்று வைத்து, அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. மங்கிய கூடத்துக்கு 50 முதல் 65 வரையிலான சூடான நிறங்களை நான் பரிந்துரைப்பேன். மெக்சிகோ நகரில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகன் 1948இல் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டின் படிக்கூடம் இதற்கு நல்ல பாடம். அங்கே ஓர் இளஞ்சிவப்புச் சுவரும் வெள்ளைச் சுவர்களும் இருக்க, படிக்கட்டின் திருப்பத்தில் சிற்பி மத்தியாஸ் கோயரிட்ஸ் செய்த தங்கத்தகடு போர்த்திய சதுரப் பலகை ஒன்று மேலிருந்து வரும் ஒளியை வாங்கிக் கீழே பரப்புகிறது. வெள்ளைச் சுவர்களுக்கு அந்த இடத்தில் கிடைக்கும் சூடு பெயின்ட் டப்பாவிலிருந்து வந்ததல்ல. நிறத்துக்குப் பெயர்போன பராகன்கூடத் தன் வீட்டின் பெரும்பாலான சுவர்களை வெள்ளையாகவே விட்டிருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி எந்தப் பொருளால் செய்வது என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது சுண்ணாம்புதான், அதை மறைக்க விரும்பவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்ந்த சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் கை வைத்தால் சித்திரை மாதத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் எதிரே நிற்பவரின் சேலை நிறம் மங்கலாக அதில் அசைவது தெரியும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது என்பதால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும், சுவரும் மூச்சுவிட வேண்டும். பட்டியும் எமல்ஷனும் பூசி முடித்த சுவரின் மேல் அசல் சுண்ணாம்புக் கலவை பிடிக்காது. அவற்றைச் சுரண்டிவிட்டு நுண்துளைகள் உள்ள பூச்சு வரை போக வேண்டியிருக்கும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காமல் பல சாயங்கள் வெளுத்துவிடும் என்பதால் செங்காவி, மஞ்சள்காவி போன்ற மண் நிறங்களே நம்பகமானவை. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் பல மடங்கு வெளிறிவிடும் என்பதையும் மேஸ்திரியிடம் மட்டுமின்றி வீட்டிலுள்ளவர்களிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் கலக்கம் வரும். காரைக்குடிப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் செய்துகொண்டாலும் போதும்.

தரையில் அமர்ந்து சுவரில் சாய்கிற வழக்கமுள்ள வீடாக இருந்தால், சாய்கிற இடத்தில் எல்லாம் தலையெண்ணெய் வட்டமாகப் படியும். எந்த மேட் பெயின்டும் அதற்குத் தாக்குப்பிடிக்காது. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் சுவரின் கீழ்ப்பகுதிக்குப் பூ வேலை செய்த ஓடுகளைப் பதித்திருப்பதைப் பார்க்கலாம். மூன்றரை அடி உயரம் வரை ஓடோ துடைக்கக்கூடிய அடர்ந்த நிறமோ, அதற்கு மேலே வெளிறிய நிறம் என்று சுவரை இரண்டாகப் பிரிப்பது அழகுக்கும் ஆயுளுக்கும் சேர்த்தே உதவும். இதை அரசு அலுவலக நிறம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லைக் கோட்டைச் சரியான உயரத்தில் மெல்லிய மரச்சட்டமாகக் கொடுத்தால் அந்தப் பேச்சு எழாது.

வால்பேப்பரும் செங்குத்துக் கோடுகள் கொண்ட பேனல்களும் ஒரே நாளில் முடிந்துவிடும் வேலைகள், நன்றாகவும் இருக்கும். ஆனால் ஈரம் ஏறாத சுவருக்கு மட்டும். குளியலறையோடு ஒட்டிய சுவரிலும் மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் வைனில் தாள் ஒட்டினால், உள்ளே அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்து, அது வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஓதம் இருக்கிறதா என்று அறியக் கருவி தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் நீர்முத்துகள் கட்டினால், அல்லது அடியில் சுவர் கருத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். உங்களுடையது புதிய கட்டடம் என்பதால் சிமென்ட் பூச்சிலேயே நீர் மிச்சமிருக்கலாம். அது காயாமல் பூசிய பெயின்டின் மேல்தான் பின்னால் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

அறையின் அமைப்பை நேரில் பார்க்காமல் சொல்வதானால், உங்கள் கூடத்துக்கு என் யோசனை இது. சன்னல் சுவரும் கூரையும் மஞ்சள் சாயும் வெள்ளையாக இருக்கட்டும், எதிர்ச் சுவருக்குப் பிடித்த நிறத்தைக் கொடுங்கள், பக்கச் சுவர்களில் தொலைக்காட்சி இல்லாத ஒன்றில் சுண்ணாம்பு வேலை செய்யுங்கள். தொலைக்காட்சி எதிர்ச் சுவரில்தான் வருகிறது என்றால் அந்த நிறத்தைச் சற்றுச் சாம்பல் கலந்ததாக எடுங்கள். விளக்குகளை முதலில் மாற்றிவிட்டு, பாலிதீன் தாளை இந்த வாரமே ஒட்டிப் பாருங்கள். முடிவு வறண்டதாக வந்தால் மேஸ்திரியை அழைக்கலாம், ஈரமாக வந்தால் பூச்சு காயும்வரை பொறுத்து, கசிவு இருந்தால் கட்டியவரை அழைத்து அதைச் சரிசெய்யவைத்த பிறகு மேஸ்திரியை அழைக்கலாம்.