28 ஹேண்டிகேப்காரர் கோப்பையை வாங்கினால் அநியாயமா? – கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஒரு சின்ன கோல்ஃப் கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டியில் ஒன்பது வருடமாக ஸ்கோர் கார்டு பார்க்கிறேன். திறமை வேறானவர்கள் சமமாக மோத, ஒருவர் ஆடிய அடிகளிலிருந்து (ஷாட்) கழித்துத் தரும் எண்தான் ஹேண்டிகேப்; எண் குறைவாக இருந்தால் ஆட்டக்காரர் கெட்டி. ஹேண்டிகேப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஸ்விங் (மட்டை வீச்சு) பற்றி மட்டும் வேண்டாம். என் ஸ்விங்கைப் பார்த்தவர்கள் அதற்கான காரணத்தைச் சொல்வார்கள்.

புதுமுகம்: ஹேண்டிகேப் என்பது என் சராசரி ஸ்கோர்தானே?

இல்லை. பாதிச் சண்டை இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உங்கள் கடைசி 20 ரவுண்டுகளை எடுத்து, அதில் சிறந்த எட்டுக்கு மட்டும் சராசரி போடுவார்கள். மீதிப் பன்னிரண்டு கணக்கிலேயே வராது. அந்தச் சராசரிதான் உங்கள் இண்டெக்ஸ். ஆக, இண்டெக்ஸ் 18 என்றால் நன்றாக ஆடும் நாளில் நீங்கள் 18 என்று அர்த்தம். சாதாரண நாளில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம், கணக்கே அப்படித்தான்.

தொடங்குவதற்கு 54 ஹோல் (குழி), அதாவது 18 வீதம் மூன்று ரவுண்டு, ஆடியிருந்தால் போதும். மூன்று கார்டு மட்டும் இருந்தால் அதில் சிறந்ததை எடுத்து இரண்டு கழிப்பார்கள். இண்டெக்ஸின் அதிகபட்சம் 54.0. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஆடிய கார்டை எல்லாம் போடுங்கள். நல்லதையும் போடுங்கள், கேவலமானதையும் போடுங்கள்.

கோவைக்காரன்: என் ஹேண்டிகேப்பை ஒரு மைதானத்தில் 19 என்கிறார்கள், பக்கத்து மைதானத்தில் 16. என் ஆட்டம் அதேதானே சார்?

ஆட்டம் அதேதான், மைதானம் வேறு. உங்கள் இண்டெக்ஸ் 18.4 என்று வைத்துக்கொள்வோம். முதல் மைதானத்தின் ஸ்லோப் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) 128, கோர்ஸ் ரேட்டிங் (ஸ்கிராட்ச், அதாவது ஹேண்டிகேப் 0 உள்ள ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஸ்கோர்) 70.6, பார் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள்) 72. 18.4-ஐ 128-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 20.8. ரேட்டிங் பாரைவிட 1.4 குறைவு, அதைக் கழித்தால் 19.4, அதாவது 19. இதுதான் அந்த மைதானத்தில் உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப். இரண்டாவது மைதானத்தில் ஸ்லோப் 105, ரேட்டிங் 68.9, பார் 70 என்றால் 16 வரும்.

ஸ்லோப் அதிகம் என்றால் மைதானம் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது அப்படியில்லை. ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிடச் சுமாரான ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கஷ்டம் என்பதைத்தான் ஸ்லோப் சொல்கிறது. 55 முதல் 155 வரை போகும், 113 நடுநிலை. இரண்டு பேருக்கும் சம அளவில் கஷ்டமான மைதானத்துக்கு ஸ்லோப் குறைவாகவே இருக்கும்.

ஐந்து ஹேண்டிகேப்: அண்ணா, நேராகவே கேட்கிறேன். சனிக்கிழமை ஸ்டேபிள்ஃபோர்டில் (ஹோலுக்கு ஹோல் பாயிண்ட் சேர்க்கும் போட்டி) நான் 37 பாயிண்ட் எடுக்கிறேன். 28 ஹேண்டிகேப் ஒருத்தர் 44 எடுத்துக் கோப்பையை வாங்கிப் போகிறார். பழைய முறையில் இப்படி நடந்ததில்லை. வாரம் மூன்று நாள் பயிற்சி செய்கிறவனுக்கு இது நியாயமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் இருபது கார்டையும் அவருடைய இருபது கார்டையும் மேஜையில் பரப்பிப் பாருங்கள். உங்களுடையவை எல்லாம் நெருக்கமாக இருக்கும். மோசமான நாளுக்கும் நல்ல நாளுக்கும் ஏழெட்டு அடிதான் வித்தியாசம். அவருடையவை சிதறிக் கிடக்கும்: ஒரு நாள் 96, அடுத்த வாரம் 115. உதாரணத்துக்கு, சாதாரண நாளில் நீங்கள் 7 போல ஆடுவீர்கள், அவர் 33 போல ஆடுவார். சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால் உங்களுக்கு இழப்பு இரண்டு அடி, அவருக்கு ஐந்து அடி. அதனால் நீங்கள் இருவர் மட்டும் மோதினால் பெரும்பாலான நாட்களில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். இந்த முறையில் சாய்வு இருக்கிறது என்றால் அது உங்கள் பக்கம்தான்.

ஆனால் சனிக்கிழமை நீங்கள் ஒருவரோடு மோதவில்லை. எண்பது பேரில் நாற்பது பேர் அவரைப் போன்றவர்கள். அந்த நாற்பது பேரில் யாரோ ஒருவருக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாள் அன்றைக்கு வந்திருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒருவர்தான். 22 பாயிண்டோடு பீர் குடிக்கப் போன மற்ற முப்பத்தொன்பது பேரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இதைத் தணிக்கத்தான் ஸ்டேபிள்ஃபோர்டு உள்பட தனிநபர் ஸ்ட்ரோக் போட்டிகளில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம் மட்டும் தருகிறார்கள்.

பழைய முறை பற்றிச் சொன்னது உண்மைதான். அப்போது ஆண்களுக்கு 28-தான் உச்சம் என்று நெடுங்காலம் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு மோசமான ரவுண்டுக்கு 0.1 மட்டுமே ஏறும். வயதாகி ஆட்டம் போனவர் பழைய எண்ணோடு வருடக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்பார். அது உங்களுக்கு நியாயமாகத் தெரிந்ததற்குக் காரணம், தோற்றது அவர்.

அந்த 28 நான்தான்: எனக்குப் பதில் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு கோப்பை. அதற்கே இவ்வளவு பேச்சு.

வாங்க சார், உட்காருங்க.

ஐந்து ஹேண்டிகேப்: பேச்சு கோப்பைக்காக இல்லை. அன்றைக்கு மூன்று ஹோலில் பந்தைத் தண்ணீரில் விட்டீர்கள். அப்புறமும் 44. அது எப்படி?

இது நல்ல கேள்வி. ஸ்டேபிள்ஃபோர்டில் ஒரு ஹோல் பாழானால் பூஜ்யம், அவ்வளவுதான். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு (ஹோலின் தொடக்க இடம்) போகலாம். மெடல் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் போட்டி) அந்த ஹோலின் 11-ஐ எழுதியே ஆக வேண்டும். சிதறி ஆடுகிறவருக்கு ஸ்டேபிள்ஃபோர்டு குடை மாதிரி. உங்கள் கிளப் வாரா வாரம் ஸ்டேபிள்ஃபோர்டே வைத்தால் குறை போட்டி வடிவத்தில் இருக்கிறது. மாதம் ஒரு மெடல் வையுங்கள், ஹேண்டிகேப் 12 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு என்று பரிசைப் பிரியுங்கள்.

ரகசியம்: வேண்டுமென்றே ஹேண்டிகேப்பை ஏற்றிக்கொள்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஒருவரை என் கண்ணாலேயே பார்த்தேன். 18-ஆவது கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரை) குழிக்கு ஓரடி தூரத்தில் பந்து. தட்டினார், ஓரமாகப் போனது. திரும்ப வந்து தட்டினார், மறுபடியும் ஓரம். மூன்றாவதாக உள்ளே போனது. முகத்தில் எரிச்சலே இல்லை. ஓரடியை இரண்டு தடவை விட்டவன் மட்டையை முறைத்துப் பார்ப்பான். இவர் பென்சிலை எடுத்தார்.

முறையிலேயே சில தடுப்புகள் உண்டு. கடைசி 365 நாளில் இருந்த குறைந்த இண்டெக்ஸைவிட 3.0 ஏறிவிட்டால் அதன் பிறகு ஏற்றம் பாதியாகும். 5.0-க்கு மேல் ஏறவே ஏறாது. இண்டெக்ஸைவிட 7.0 அடி சிறப்பாக ஆடினால் ஒன்று வெட்டு, 10.0 என்றால் இரண்டு. அதற்கும் மசியாதவருக்குக் கமிட்டியே கை வைக்கலாம். பொய்க் கார்டைவிட எனக்குத் தொல்லை, கமிட்டிக்கு வந்து சேராத கார்டுதான். எல்லாக் கார்டையும் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவது அதனால்தான்.

சனி ஞாயிறு: போட்டிக் கார்டு மட்டும் போட்டால் போதாதா?

மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

லண்டன் அக்கா: கலப்புப் போட்டியில் பெண்களுக்குக் கூடுதல் ஷாட் தருகிறார்கள் என்று ஆண்கள் முணுமுணுக்கிறார்கள்.

சிவப்பு டீயிலிருந்து (பெண்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம்) பெண்களுக்கான ரேட்டிங்கைத் தனியாக அளந்திருக்கிறார்கள். அந்த ரேட்டிங் பாரைவிட அதிகமாக இருந்தால் ஷாட் கூடும், அது சலுகை இல்லை. இங்கே 2024 ஏப்ரல் வரை அந்த வித்தியாசம் சூத்திரத்தில் இல்லை, போட்டியன்று தனியாகச் சேர்த்தார்கள். அதனால் இனாம் மாதிரி தெரிந்தது. முணுமுணுப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 1893-இல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் சங்கத்தின் முதல் செயலாளர் இசெட் பியர்சன் நாடு முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தபோது, ஆண்களின் கிளப்புகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன.

மழைக்காலம்: பேய்க்காற்றில் ஆடினால்?

அன்றைய ஸ்கோர்களைப் பார்த்துக் கணினியே -1 முதல் +3 வரை சரிக்கட்டும்.

தனிமை விரும்பி: தனியாக ஆடிய ரவுண்டைச் சேர்க்கலாமா?

கூடாது. உடன் ஒருவராவது வேண்டும்.

பட்டிங் பாவம்: ஐந்தடி தூரத்து பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) போடும்போது கை நடுங்குகிறது.

உங்கள் கிளப் புரோவிடம் (பயிற்சியாளர்) போங்கள்.

அந்த 28 நான்தான்: ஐந்து தம்பிக்கு ஒரு சவால். ஞாயிறு, மேட்ச் பிளே (ஹோலுக்கு ஹோல் நேருக்கு நேர் மோதும் ஆட்டம்), எத்தனை ஷாட் தருவார்?

கோர்ஸ் ஹேண்டிகேப்பும் 5, 28 என்றே வைத்துக்கொண்டால் வித்தியாசம் 23, முழுதாகத் தர வேண்டும். எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை) 1 முதல் 5 வரை இரண்டு.

ஐந்து ஹேண்டிகேப்: சரி. 8.10-க்கு முதல் டீயில். தோற்றவர் காலைச் சாப்பாடு. கார்டைப் போடுவோம் அண்ணா.

மேட்ச் பிளே கார்டு இங்கே இண்டெக்ஸில் சேராது. அதை மட்டும் போடாதீர்கள்.