52-ல் 51: மலாயாவின் 1955 பொதுத் தேர்தல் – கேள்வி பதில்

மலாயாவின் (இன்றைய மேற்கு மலேசியா) முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27-ம் தேதி நடந்தது. துங்கு அப்துல் ரஹ்மானின் அம்னோ (மலாய்க்காரர்களின் கட்சி), மலாயா சீனர் சங்கம், மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) மூன்றும் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐப் பிடித்தது. இதுபற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சார், 52-க்கு 51 என்றால் சந்தேகமாக இருக்கிறது. தில்லுமுல்லு ஏதும் நடந்ததா? (கோவை வாசகர்)

இல்லை. தேர்தலை நடத்தியது பிரிட்டிஷ் நிர்வாகம். கூட்டணி இப்படி அள்ளிக்கொண்டு போவதை அவர்களே எதிர்பார்க்கவில்லை. பதிவான வாக்குகளில் சுமார் 80 சதவீதம் கூட்டணிக்குத்தான் விழுந்தது.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய எண் 52 அல்ல, 98. கூட்டரசு சட்டமன்றத்தில் மொத்தம் 98 இடங்கள். அதில் 52 மட்டுமே மக்கள் தேர்ந்தெடுப்பவை. மீதி 46-ல் அதிகாரிகள், மாநிலங்களின் மந்திரி பெசார்கள் (மாநில முதல்வர்கள்), தோட்ட முதலாளிகள், சுரங்கம், வணிகம், தொழிற்சங்கம் என்று நியமன ஆட்கள். அப்படியானால் பெரும்பான்மைக்கு 50 வேண்டும். கூட்டணிக்குக் கிடைத்தது 51. இன்னும் இரண்டு தொகுதி கைநழுவியிருந்தால், இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் நியமன உறுப்பினர்களின் தயவில்தான் ஆட்சி ஓடியிருக்கும்.

இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் 1954-ல் கூட்டணி சண்டை பிடித்தது. ஐந்தில் மூன்று பங்கு இடங்கள் தேர்தல் மூலம் நிரப்பப்பட வேண்டும் என்று கேட்க துங்கு லண்டன் வரை போனார். அங்கே மசியவில்லை. திரும்பி வந்ததும் நகராட்சி முதல் சட்டமன்றம் வரை எல்லா அவைகளிலிருந்தும் கூட்டணிக்காரர்கள் வெளியேறினார்கள். கடைசியில் பிரிட்டனின் ஹை கமிஷனர் மெக்கில்லிவ்ரே ஒரு சமரசத்துக்கு வந்தார். நியமன இடங்களில் 5-ஐ, ஜெயித்த கட்சியைக் கலந்து பேசித்தான் நிரப்புவேன் என்றார். அந்த 5 இடங்கள் இல்லாமல் 1955-ன் கதை முழுமையாகாது.

அம்னோவும் சீனர் சங்கமும் எப்படி ஒன்று சேர்ந்தன? (பினாங்கு வாசகி)

கொள்கை பேசிச் சேரவில்லை அம்மா, ஒரு நகராட்சித் தேர்தலில் சேர்ந்தார்கள். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல். இரண்டு கட்சிகளின் உள்ளூர் கிளைகளும் தொகுதிகளைப் பங்கு போட்டு நின்றன. 12-ல் 9 கிடைத்தது. தலைமை அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டது. ம.இ.கா. அந்த நேரத்தில் எதிர் அணியை ஆதரித்தது. 1954 கடைசியில்தான் கூட்டணிக்குள் வந்தது.

ஐயா, எங்கள் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து கிள்ளான் பக்கம் தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். அவர் 1955-ல் ஓட்டுப் போட்டிருப்பாரா? (கிள்ளான் வாசகர்)

போடாமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் தம்பி. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தத் தேர்தலில் பதிவான வாக்காளர்கள் சுமார் 12.8 லட்சம் பேர். அதில் 84 சதவீதம் மலாய்க்காரர்கள், 11 சதவீதம் சீனர்கள், மிச்சம் 5 சதவீதத்துக்குள் இந்தியரும் மற்றவரும். மக்கள்தொகையிலோ மலாய்க்காரர்கள் ஏறக்குறைய பாதிதான்.

காரணம் குடியுரிமை. 1948 கூட்டரசு ஒப்பந்தப்படி, வெளியே பிறந்து வந்த ஒருவர் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த பால்மரத் தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். 1952-ல் விதி கொஞ்சம் தளர்ந்தது. அப்படியும், வாக்காளராகப் பதிந்துகொள்வது அவரவர் விருப்பம் என்பதால் தகுதி உள்ளவர்களிலும் பலர் பதியவில்லை. ஊரில் நிலம், உறவு, திரும்பிப் போகும் எண்ணம் எல்லாம் அப்போது பலருக்கும் மிச்சம் இருந்தது.

உங்கள் வீட்டில் தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் தேதியைப் பாருங்கள். 1957-க்குப் பிந்தியது என்றால் விடை தெரிந்துவிடும்.

எங்கள் மலையகத்தில் நடந்ததும் இதுவும் ஒன்றுதானே? (ஹட்டன் வாசகர்)

வலி ஒரே மாதிரிதான். ஆனால் போன திசை வேறு. இலங்கையில் 1947 தேர்தலில் வாக்களித்த மலையக மக்கள், 1948 குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்து வந்த சட்டங்களாலும் இருந்த உரிமையை இழந்தார்கள். மலாயாவில் இல்லாத உரிமை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது உங்கள் மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

மலாய்க்காரர்கள் சீன, இந்திய வேட்பாளர்களுக்கு உண்மையிலேயே ஓட்டுப் போட்டார்களா? (மதுரை கல்லூரி மாணவி)

போட்டார்கள். இந்தத் தேர்தலில் என்னை மிகவும் கவர்ந்த விஷயமே அதுதான்.

52 தொகுதிகளில் 50-ல் மலாய் வாக்காளர்களே பெரும்பான்மை. வேட்பாளர் எல்லோரும் மலாய்க்காரராகவே இருக்கட்டும் என்று அம்னோ நினைத்திருந்தால் தடுக்க யாரும் இல்லை. கட்சிக்குள் அப்படிப்பட்ட நெருக்கடி பலமாகவே இருந்தது, துங்கு அதற்கு இணங்கவில்லை. அம்னோ 35, சீனர் சங்கம் 15, ம.இ.கா. 2 என்று பிரித்தார். சீனர் சங்கத்தின் 15 பேரும் ஜெயித்தார்கள். ம.இ.கா.வின் இருவரும் ஜெயித்தார்கள். தோற்ற ஒரே ஆள் அம்னோக்காரர்!

ஒரு கம்பத்து (மலாய்க் கிராமத்து) நெல் விவசாயியை நினைத்துப் பாருங்கள். முதல் தடவையாக வாக்குச்சாவடிக்கு வருகிறார். எதிர்க்கட்சி நிறுத்தியிருப்பது தன் இனத்து ஆள். கூட்டணியின் பாய்மரப் படகு சின்னத்தில் நிற்பதோ ஒரு சீனர். வெளியே அவசரகாலம், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு ஏழு ஆண்டாகச் சண்டை. அதில் இனக் கசப்பும் கலந்திருக்கிறது. அப்படியும் படகுக்கே ஓட்டுப் போட்டார். 'மெர்டேக்கா' (விடுதலை) வேண்டும், அதைத் துங்கு வாங்கித் தருவார் என்ற நம்பிக்கை அவ்வளவு இருந்தது. மேல்மட்டத்துத் தொகுதி பேரம்தானே என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். பேரம் பேசியது தலைவர்கள்தான். ஆனால் அதை நிறைவேற்றிக் கொடுத்தது அந்த விவசாயி.

தோற்ற அந்த ஒரு இடம் எது? (ஈப்போ வாசகர்)

உங்கள் பேராக்கிலேயே உள்ள கிரியான், நெல் வயல் பகுதி. பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் ஹாஜி அகமது துவான் உசேன் ஜெயித்தார். அவையில் தேர்தலில் வென்று வந்த ஒரே எதிர்க்கட்சிக்காரர்.

பெண்கள் யாரும் ஜெயித்தார்களா? (சென்னை வாசகி)

ஒருவர். உலு சிலாங்கூரில் அம்னோவின் ஹலிமாதோன் அப்துல் மஜீத்.

அம்னோவைத் தொடங்கிய டத்தோ ஓன் ஜாபாரே தோற்றாராமே? (ஜொகூர் பாரு வாசகர்)

ஆமாம், உங்கள் ஊர்த் தொகுதியிலேயே. 1946-ல் பிரிட்டன் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர்களை ஒன்று திரட்டியவர் அவர். அப்புறம் அம்னோவில் எல்லா இனத்தாரையும் சேர்க்கலாம் என்றார், கட்சி ஏற்கவில்லை. 1951-ல் வெளியேறி, எல்லா இனத்துக்கும் பொதுவாக மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அது எடுபடாமல் போகவே பார்ட்டி நெகாராவைத் தொடங்கி, மலாய் உணர்வை நோக்கித் திரும்பினார். முதலில் சொன்னதில் அவர் கடைசி வரை நின்றிருக்கலாம் என்பது என் ஆதங்கம். 1955-க்குள் மலாய்க்காரர்களுக்கு அவர் மேல் சந்தேகம், மற்றவர்களுக்கு அச்சம். அவர் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

விடுதலை இந்தத் தேர்தலால்தான் வந்ததா? (சிங்கப்பூர் வாசகர்)

வேகம் இதனால் வந்தது. நான்கு ஆண்டுகளில் விடுதலை என்பதுதான் கூட்டணியின் வாக்குறுதி. இரண்டே ஆண்டில் முடிந்தது. இனங்கள் ஒத்துப்போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று பிரிட்டன் தள்ளிப்போட்டு வந்தது. 51 இடங்களோடு துங்கு முதலமைச்சராகி, ம.இ.கா. தலைவர் சம்பந்தனையும் சீனர் சங்கத்தாரையும் அமைச்சரவையில் உட்கார வைத்ததும் அந்தச் சாக்கு செல்லாமல் போனது. டிசம்பரில் பாலிங் என்ற ஊரில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். பேச்சு முறிந்தது. ஆனால் அடுத்த மாதமே லண்டன் மாநாடு. 1957 ஆகஸ்ட் 31 என்ற தேதி அங்கேதான் முடிவானது.

1959 தேர்தலில் என்ன மாறியது? (கிள்ளான் வாசகரே மீண்டும்)

நிறைய. விடுதலைக்குப் பின் குடியுரிமை விரிந்ததால் வாக்காளர் எண்ணிக்கை சுமார் 21 லட்சமானது. சீனர் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது, இந்தியர் பங்கும் கூடியது. உங்கள் தாத்தா முதல் தடவை வரிசையில் நின்றது அநேகமாக இதில்தான். 104 இடங்களில் கூட்டணிக்கு 74 கிடைத்தது, வாக்கு 52 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள் இரண்டையும் பாஸ் பிடித்தது. 1955-ல் ஓட்டே இல்லாதவர்களும் இதில் பேசினார்கள். அதனால் 51-ஐவிட இந்த 74-ஐத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். டத்தோ ஓனும் கோலத் திரெங்கானு செலாத்தானில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டார்.