மூடிக் கிடக்கும் வாட்டர் பார்க்கை லீஸுக்கு எடுக்கலாமா?

கேள்வி: பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் பக்கம் நாலு வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு வாட்டர் பார்க்கை மூன்று வருட லீஸுக்குத் தருகிறேன் என்கிறார் அதன் உரிமையாளர். பெயின்ட் அடித்து, பெயரை மாற்றித் திறந்தால் கூட்டம் வரும் என்கிறார் மச்சான். இறங்கலாமா?

பதில்: தம்பி, கூட்டம் வரும் என்பதில் மச்சானோடு எனக்குச் சண்டை இல்லை. சித்திரை வெயிலுக்கு யார்தான் வர மாட்டார்கள்? ஆனால் கூட்டம் இருந்தும் வட்டி கட்ட முடியாமல் நொடிக்கிற பூங்காக்கள் உண்டு. மும்பை - புனே பாதையில் கோப்போலி அருகே 2013இல் திறந்த இமேஜிகா கடனில்தான் மூழ்கியது. கடன் தீர்வு முடிந்து 2022இல் மால்பானி குழுமம் கைக்கு வந்த பிறகே மூச்சு விட்டது. ஜப்பானில் 1992இல் திறந்து 2003இல் திவாலான ஹவுஸ் டென் போஸை, டிராவல்ஸ் முதலாளி ஹிடியோ சவாடா 2010இல் எடுத்தார். கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகுதான் எடுத்தார். அப்புறம் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டு, ராத்திரிக்கு விளக்கு அலங்காரம் வைத்தார். புது ரைடுகளில் பணத்தைக் கொட்டுவதைவிடக் கெட்டிக்காரத்தனம் அது.

ஆகவே, ஏன் மூடினார்கள் என்று விசாரியுங்கள். உரிமையாளர் கொரோனா என்பார். எதிர்த்த டீக்கடையிலும், அங்கே வேலை பார்த்த ஃபிட்டரிடமும் கேளுங்கள். போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டினார்கள் என்று தெரிந்தால், அன்றைக்கே விட்டுவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

கடன்தான் காரணம் என்றால், உள்ளே போய்ச் சறுக்கு மேடையின் ஃபைபரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் மேல்பூச்சு போய்விட்டது. பெயின்ட் அதை மறைக்கத்தான் செய்யும், குழந்தையின் தொடையில் நார் குத்தும். குளத்தை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போடுங்கள். மறுநாள் காலை நாலு விரல் இறங்கியிருந்தால், தரைக்குள் புதைத்த பைப்போ தளமோ ஒழுகுகிறது. பெரிய செலவு அங்கேதான்.

மூன்று வருட லீஸ் வேண்டவே வேண்டாம். நீங்கள் ரிப்பேர் செய்து பேர் வாங்கித் தருவீர்கள், அவர் சைட் போட்டு விற்பார். பத்து வருடத்துக்குக் குறையாமல் எழுதி, பதிவும் செய்யுங்கள். அதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நிலம் பேங்க் அடமானத்தில் இருந்தால், பேங்க் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு ஊட்டி போகிற கூட்டம் வழியிலேயே கிடைக்கிறது. உங்களுக்கு அது இல்லை; பள்ளிக்கூடச் சுற்றுலாவையும் கம்பெனி லீவு நாளையும் நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

பெயரை மாற்றுவதா? அங்கே விபத்து ஏதாவது நடந்திருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் எதற்கு? பஸ் கண்டக்டர் இன்னமும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே ஸ்டாப்பில் இறக்கிவிடுகிறார்?