நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

அன்புள்ள ஐயா,

ஏரி மீன்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துப் படித்து, இந்த வருஷம் நானும் ஒரு தூண்டில் வாங்கிவிட்டேன். லீவு நாட்களில் காஞ்சிபுரம் பக்கம் மாமனார் ஊர் ஏரிக்குப் போகிறேன். காலை ஏழு மணிக்குக் கரைமேல் நின்று வீசினால் தக்கை அசைவதே இல்லை. அதே இடத்தில் மாமனார் கெண்டையும் ஜிலேபியும் எடுக்கிறார். பத்து மணிக்கு மேல் இருவருக்குமே ஒன்றும் கிடைப்பதில்லை. "வெயில் ஏறிட்டா மீன் நிழலுக்குப் போயிடும், நீங்க வந்து சாப்பிடுங்க மாப்ள" என்கிறார். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு எதற்கு நிழல்? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொல்கிறார். இதெல்லாம் உண்மையா, வெறும் நம்பிக்கையா?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

மாமனார் சொன்ன இரண்டும் உண்மை. அவர் எங்கே, எப்படி உட்காருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அனேகமாக அவர் கரைமேல் நிற்கமாட்டார். சரிவில் பாதி இறங்கி, தண்ணீரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருப்பார். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

முதலில் மீனின் கண். நம் ஏரி மீன்களுக்கு இமை கிடையாது. வெளிச்சம் கூடினால் நம் கண்ணின் பாப்பா சுருங்கிக்கொள்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு அந்த வசதியும் இல்லை. விழித்திரைக்குள் நிறமி மெதுவாக இடம்பெயர்ந்துதான் கண் வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கண் கூசுவது ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. உச்சி வெயிலில், வாசலுக்கு உள்ளே நிழலாக இருக்கும் வீட்டு நடையில் நின்று தெருவைப் பாருங்கள். போகிறவர் வருகிறவர் முகமெல்லாம் தெளிவாகத் தெரியும். தெருவில் போகிறவருக்கோ நடைக்குள் நிற்கும் உங்களைத் தெரியாது. மீனுக்கு நிழல் என்பது இந்த நடைதான். ஜீன் ஹெல்ஃப்மன் என்ற அமெரிக்க மீன் ஆய்வாளர் 1981இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மிதக்கும் பொருட்களின் நிழலில் மீன்கள் ஏன் நிற்கின்றன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நிழலில் நிற்கும் மீன் வெளிச்சத்தில் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறது, தான் மட்டும் கண்ணில் படுவதில்லை. வேட்டையாடும் விராலுக்கும் அது லாபம், தப்பிக்க நினைக்கும் கெண்டைப்பொடிக்கும், அதாவது சின்னக் கெண்டைகளுக்கும், லாபம்.

இனி உங்கள் ஏரிக்கு வருவோம். வட தமிழ்நாட்டில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் நம் ஏரிகள் பலவற்றுக்குக் கரை கிழக்கே, கரைக்கு எதிர்ப்பக்கம் ஆழம் குறைந்த உள்வாய் மேற்கே. வீராணத்தின் நீளக் கரையும் கிழக்கில்தான். ஆழம் கரையையும் மதகையும் ஒட்டி இருக்கும். காலையில் சூரியன் கரைக்குப் பின்னாலிருந்து எழுவதால் கரையின் நிழல், அதன் மேலிருக்கும் பனைமரங்களின் நிழல், எல்லாம் மேற்கே அந்த ஆழமான தண்ணீர்மேல் விழும். ஆழமும் நிழலும் ஒரே இடத்தில் அமைகிற நேரம் அது. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல வருஷம் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் புரிந்தது.

அப்படியிருந்தும் உங்களுக்கு ஏன் மீன் எடுக்கவில்லை? கரைமேல் நின்றால் உங்கள் நிழலும் சேர்ந்து தண்ணீரில் விழுகிறது. சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில் எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட 4 மடங்கு நீளும். கரை உயரத்தோடு உங்கள் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். கரை நிழலின் நேர்கோட்டுக்கு வெளியே, வெயில் படும் தண்ணீரில், உங்கள் நிழல் துருத்திக்கொண்டு தெரியும். பனை நிழல் நின்ற இடத்தில் நிற்கும். உங்கள் நிழல் கையைத் தூக்கும், வீசும், குனியும். மேலே ஏதாவது நகர்ந்தால் மீனுக்கு அது கொக்கு, நீர்க்காகம். கலைந்துபோகத்தான் செய்யும். சரிவில் இறங்கி உட்கார்ந்தால் உங்கள் நிழல் கரையின் நிழலுக்குள் அடங்கிவிடும்.

பத்து மணிக்குக் கரையின் நிழல் தன் சரிவுக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது. அப்போது மீன் ஆழத்துக்கு இறங்கும், அல்லது மேற்கே உள்வாயில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களுக்குப் போகும். நீங்கள் மட்டும் காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள்.

தை மாதத்தில் ஒருநாள் பதினோரு மணிக்கு அப்படி ஒரு கருவேல நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாய் அகலம்தான் இருக்கும். நிழலுக்குள் 'ளுக்' என்று ஒரு சத்தம், சின்னதாக ஒரு வட்டம். சிறிது நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். விரால் மூச்சு வாங்க மேலே வருகிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது, காற்றையும் குடித்தாக வேண்டும். நிழலுக்குள் வீசாமல், ஒரு முழம் வெளியே வெயிலில் வீசினேன். இரையாகக் கோத்திருந்த கெண்டைப்பொடி பளபளத்தது. நிழலின் ஓரத்தை அது நெருங்கியதும் உள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் வந்தது தெரிந்தது. அடுத்த நொடி தூண்டில் நரம்பு கையை அறுத்தது. அன்றிலிருந்து நிழலின் நடுவில் நான் வீசுவதில்லை, ஓரத்தில்தான்.

நிழல் என்றால் எல்லா நிழலும் ஆகாது. ஆகாயத்தாமரை முழுக்க மூடிய இடத்தின் நடுவில் வெளிச்சமே இறங்காது, பாசி வளராது, பிராணவாயு குறைந்துபோகும். அங்கே விராலும் குரவையும் பிழைக்கும், கெண்டை பிழைக்காது. அதன் விளிம்பு மட்டும் நல்ல இடம். அதேபோல மழைக்குப் பிறகு செம்மண் கரைந்த தண்ணீரில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது கண்ணுக்கு வேலையில்லை. மீசையால் துழாவும் கெளுத்திக்குத்தான் காலம். மண்புழு போடுங்கள், நிழலைத் தேடவேண்டாம்.

சாயங்காலத்தையும் விடாதீர்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும், கண் கூசும். ஆனால் நிழல் முதுகுக்குப் பின்னால் வயல் பக்கம் விழுந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் பெரும் பங்கைத் தண்ணீர் திருப்பி அடித்துவிடுவதால், மேலே பொழுது இருக்கும்போதே உள்ளே இருட்டத் தொடங்கும். மீன் மேலே வரும் நேரம்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நிழலோரத்தில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்பளித்துக்கொண்டு போனால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அவை விரால் குஞ்சுகள். அடியில் காவலுக்கு வரும் தாயும் தகப்பனும் எதைக் கண்டாலும் பாயும், பிடிப்பது மிகச் சுலபம். பெரியதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் அந்த வெள்ளைச் சட்டை. மீன் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளி உலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். ஒளி வளைவதால், கரையில் தாழ இருப்பதெல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிச் சின்னதாகிவிடும். உயர நிற்பது நன்றாகத் தெரியும். பனைக்கும் புதருக்கும் முன்னால், வெயில் பட்ட வெள்ளைச் சட்டை உயரத்தில் அசைந்தால் மீன் பார்த்துவிடும். காக்கியோ மங்கிய பச்சையோ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைவிட்டு நாலடி தள்ளி, சரிவில் மாமனார் பக்கத்தில் நீங்களும் குந்திக்கொள்ளுங்கள்.