வெளிநாட்டிலிருந்து கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியைப் படித்ததும், வீட்டு ஆள் யாரோ வெளிநாட்டிலிருந்து வரப்போகிறார், பெட்டியில் கொஞ்சம் இடமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானும் அப்படி வாங்கியவன்தான். வாங்கலாம். ஆனால் எந்த மாடல் என்று யோசிப்பதற்கு முன்னால், அதற்குள் எந்தப் பகுதியின் வரைபடம் இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

"போன் இருக்கும்போது இது எதற்கு?" என்று கீழே எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். போனில் உள்ள ஜிபிஎஸ்ஸும் டவர் இல்லாமல் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம், எல்லாம் எனக்கும் தெரியும். மழையில் நனைந்த விரலால் தொடுதிரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். கைக்கருவியின் திரை வெயில் படப்படத் தெளிவாகத் தெரியும். பொத்தானைக் கையுறையோடும் அழுத்தலாம். சார்ஜ் தீர்ந்தால் இரண்டு ஏஏ பேட்டரியை மாற்றிவிட்டு மலை நடையைத் தொடரலாம். காலையில் போய் மாலையில் திரும்புகிற நடைதான் என்றால் போனே போதும், வாங்காதீர்கள். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மச்சான் ஊருக்கு வர நான்கு நாள் இருக்கும்போது கூப்பிட்டார். "மாப்ளே, நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, அந்த மெஷின் இங்க தள்ளுபடியில கிடக்கு. எடுத்துட்டு வரவா?" பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். மலைப்பாதை வரைபடம் உள்ளேயே இருக்கிறது என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எந்த ஊர் மலை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "எடுத்துட்டு வாங்க மச்சான்" என்றேன்.

முதல் நடைக்கு நண்பர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு மேட்டில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி கருவியை இயக்கினேன். செயற்கைக்கோள்கள் வரிசையாகக் கிடைத்தன, துல்லியம் ஐந்து மீட்டர் என்று காட்டியது. வரைபடப் பக்கத்துக்குப் போனால் மஞ்சளாக ஒரு வெற்றுவெளி. நடுவில் ஒரு சின்ன முக்கோணம், அதுதான் நான். விரித்து விரித்துப் பார்த்ததில் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு நெடுஞ்சாலை ஒற்றைக் கோடாக ஓடியது. உள்ளே இருந்த விரிவான வரைபடம் முழுவதும் மச்சான் வேலை பார்த்த கண்டத்துக்கானது. அவருடைய குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் எத்தனை நடைபாதை என்று கேட்டால் அது சரியாகச் சொல்லும். எட்டுப் பேரில் ஒருவர்கூட அன்று வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாடு கிடையாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமி முழுவதையும் சுற்றுகின்றன, கருவியை எங்கே வாங்கினாலும் எங்கேயும் வேலை செய்யும். வரைபடத்தைத்தான் விற்கும் பகுதிக்கு ஏற்றபடி போட்டுத் தருகிறார்கள். பெட்டியில் 'வாஸ்' என்று கண்டால் மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் வரும் பிசகைக் குறைக்கும், வட அமெரிக்காவுக்கான திருத்தச் சேவை. ஐரோப்பாவுக்கு எக்னோஸ், இந்தியாவுக்கு ககன். தரநிலை ஒன்றுதான் என்பதால் வாஸ் சிக்னலை வாங்கும் கருவி பெரும்பாலும் மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்ளும்.

வரைபடச் சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடம். அதன் தரவிலிருந்து, என்னுடையதைப் போன்ற கார்மின் நிறுவனக் கருவிகளுக்கென்றே பலர் இலவசமாக வரைபடக் கோப்புகள் செய்து போடுகிறார்கள். மைக்ரோ எஸ்டி அட்டையில் 'கார்மின்' என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் போட்டால் போதும். அதனால் அட்டை போட இடம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கார்மினின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற கறுப்பு வெள்ளைக் கருவியில் அந்த இடமே இல்லை. அதே வரிசையில் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டிலும் உண்டு. 32எக்ஸில் கூடுதலாகத் திசைகாட்டியும் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உணரியும் இருக்கின்றன. 22எக்ஸில் நாலடி நடந்தால்தான் அம்பு சரியான பக்கம் திரும்பும், நின்ற இடத்தில் நின்றுகொண்டு திசை கேட்க முடியாது. அப்புறம், முதலில் நான் இறக்கிய கோப்பில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டங்கட்டமாக வந்தன. ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கும் கோப்பைப் போட்ட பிறகுதான் படிக்க முடிந்தது.

உத்தரவாதம் என்னும் அடுத்த பாடம் ஏழாவது மாதம் வந்தது. இயக்கும் பொத்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. சேவை மையத்தில் ரசீதைப் பார்த்துவிட்டு, "அங்கே வாங்கியதை அங்கேதான் கொடுக்க வேண்டும்" என்று அன்பாகச் சொன்னார்கள். தபாலில் அனுப்பலாம்தான். திரும்பி வரும்போது அது புதுச் சரக்கு இல்லை, பழுது பார்த்து வருவது என்று சுங்கத்தில் காட்டக் காகிதங்கள் வேண்டும். விசாரித்துக் களைத்து விட்டுவிட்டேன். இன்றுவரை பேனா முனையால் குத்தித்தான் இயக்குகிறேன்.

ஆள் கொண்டு வராமல் கூரியரில் வரவழைப்பதாக இருந்தால், பல நாடுகளில் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துப் போடுவார்கள். கூரியர்காரர் கையாளும் கட்டணம் தனி. லித்தியம் பேட்டரி உள்ளேயே பொருத்திய கருவியை விமானத்தில் அனுப்பச் சில விற்பனையாளர்கள் மறுப்பார்கள். ஏஏ போடும் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், எஸ்ஓஎஸ் பொத்தான் உள்ள இன்ரீச் போன்றவை வேறு ஜாதி. அவை சிக்னலை வாங்குவதோடு நிற்காமல் அனுப்பவும் செய்யும். இந்தியா உட்பட சில நாடுகளில் அவற்றுக்கு அனுமதி வேண்டும், விமான நிலையத்தில் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். கொண்டு வருகிறவரை அந்த வம்பில் இழுத்து விடாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஒரு நடையில் ஒரு சுனையின் இடத்தை என் கருவியைப் பார்த்து வாசித்தேன். பாகைக்குப் பிறகு, பாகையில் அறுபதில் ஒரு பங்கான நிமிடக் கணக்கில், 15.500 என்று இருந்தது. எங்கள் நடைக் குழுவில் வரைபடம் வரைகிறவர் அதை 15 நிமிடம் 50 வினாடி என்று எழுதிக்கொண்டார். 15.5 நிமிடம் என்றால் 15 நிமிடம் 30 வினாடி. வடக்கு தெற்காக ஒரு வினாடி ஏறத்தாழ 31 மீட்டர், ஆக 600 மீட்டருக்கு மேல் பிசகு. பின்னால் வந்த நால்வர் தண்ணீரே இல்லாத சரிவில் இரண்டு மணி நேரம் எங்களைத் தேடினார்கள். சரி, தவறு யாருக்கும் வரும், கருவியில் எந்த வடிவம் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் குழு பிறகு வெளியிட்ட கையேட்டில் ஆறு நடைகளின் தடமும் அவர் பெயரில் இருக்கிறது. ஆறும் இந்தப் பேனா முனைக் கருவியில் நான் பதிந்தவை. கேட்டதற்கு, "செயற்கைக்கோள் எல்லாருக்கும் பொதுதானே சார்" என்றார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொண்டு வருகிறவரிடம் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்தப் பகுதி வரைபடம், என்னென்ன மொழிகள் என்பது வழக்கமாக அங்கேதான் இருக்கும். மச்சான் அடுத்த மாதம் மறுபடி வருகிறார், இந்த முறை எனக்கு நல்ல பொத்தானோடு ஒரு 32எக்ஸ். பின்பக்கத்தைத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பகுதி என்று போட்டிருக்கும் இடத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருக்கிறது.