உழுந்துக் காணிக்குள் மான்: சுடலாமா, மருந்தடிக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டானுக்கு அங்கால் காட்டோரமாக மூன்று ஏக்கர் மேட்டுக்காணியில் உழுந்து போட்டிருக்கிறேன். ஐப்பசிக் கடைசியில் விதைத்தது, இப்போதுதான் பூ எட்டிப் பார்க்கிறது. இரவில் புள்ளிமான் கூட்டமாக வந்து கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போகிறது. காட்டுப்பக்கக் கரையில் அரை ஏக்கர் மொட்டை. ஸ்கொட்லாந்தில் இருக்கும் அண்ணன், அங்கே மான் கூடினால் சுட்டுக் குறைக்கிறார்கள், இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறார். மருந்துக்கடையில் மான் விரட்டும் மருந்தும், சத்தம் போடும் மெசினும் காட்டுகிறார்கள். பக்கத்துக் காணிக்காரர் சுருக்குக் கம்பி கட்டித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்ய? யூரியா போட்டால் திரும்பத் தளிர்க்குமா?
– முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு கமக்காரப் பெண்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கம்பியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரேக் வயரில் போடும் சுருக்குக்கு மான் எது, மாடு எது என்று தெரியாது. மான் நடக்கிற தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கும். இந்த நாட்டுக் காட்டில் மானைக் குறைக்கிற முதல் ஆள் சிறுத்தைதான். 2018 இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை ஊரே கூடி அடித்துக் கொன்றது நினைவிருக்கும். சுருக்கில் சாவது அப்படி வெளியில் தெரிவதில்லை. சிறுத்தையைச் சுருக்கில் சாகவிட்டு விட்டு, மான் கூடிவிட்டது என்று எனக்கு எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஸ்கொட்லாந்தில் ஓநாய் அழிந்து பல நூறு ஆண்டுகள். மானைப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. பத்து லட்சம் வரை மான் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள், இளமரம் ஒன்றையும் எழும்ப விடுவதில்லை. அதனால் மனிதன்தான் ஓநாயின் வேலையைச் செய்ய வேண்டும். அதற்கு 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக ஈர மலையில் வயிற்றால் ஊர்ந்து போய், தூரக்கண்ணாடியில் பார்த்து, இதைச் சுடலாம் இதை விடலாம் என்று தெரிந்தெடுத்துச் சுடுகிற தொழில்காரர் அங்கே உண்டு. செம்மான் பிணைகளை, அதாவது பெண்மான்களை, ஒக்டோபர் 21 இலிருந்து பெப்ரவரி 15 வரைதான் சுடலாம்.

அண்ணனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: தொகை குறைய வேண்டும் என்றால் அங்கே எதைச் சுடுகிறார்கள்? பிணையைத்தான். ஒரு கொம்பன் பல பிணைகளுக்குப் போதும். பத்துக் கொம்பனைச் சுட்டாலும் அடுத்த வருடக் குட்டி குறையாது. எங்கள் ஊரில் இடியன் துவக்கோடு போகிறவர் எதைச் சுடுகிறார்? கண்ணில் பட்டதை. அதை மான் கட்டுப்பாடு என்று சொல்லாதீர்கள், அது இறைச்சி வியாபாரம். சட்டமும் தெளிவு. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. கொல்வதும் குற்றம், இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். பயிரைக் காக்கவென்று துவக்கு அனுமதி எடுத்தவரும் அதை மானுக்கு நீட்ட முடியாது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அரை ஏக்கரையும் மான்தான் தின்றதா? விடியப் போய்க் குந்தியிருந்து கடித்த தண்டைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, அது இழுத்துப் பிய்க்கும். நுனி நார்நாராகத் தொங்கும். கத்தியால் சரித்து வெட்டியதுபோல் இருந்தால் அது முயல். மாட்டுக்கும் மேலே முன்பல் இல்லை, அதுவும் பிய்க்கும்தான். ஆனால் மாடு மிதித்துப் புரட்டிவிட்டுப் போகும், குளம்புத் தடமும் அகலம். வன்னியில் மானின் கணக்கில் எழுதப்படுகிற சேதத்தில் நல்ல பங்கு கட்டாக்காலி மாட்டுடையது. மாட்டுக்காரர் நமக்குச் சொந்தக்காரர் என்றால் குற்றம் மானுக்குத்தான் போகும்!

மருந்துக்கு வருவோம். அழுகிய முட்டை நாற்றத்தில் செய்கிற தெளிப்பு வேலை செய்யும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மார்கழி மழையில் அது எத்தனை நாள் இலையில் நிற்கும்? ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடிக்க வேண்டும், புதுக் கொழுந்துக்குத் திரும்பவும் அடிக்க வேண்டும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், அடுத்த போத்தலையும் அவர்தானே விற்க வேண்டும். மெசினை மான் சில நாளில் பழகிவிடும். பிறகு அதன் பக்கத்திலேயே நின்று மேயும். காசைக் கரியாக்காதீர்கள். நெடிக்காகக் குருணை நஞ்சைத் துணியில் முடிந்து கட்டச் சொல்கிறவர்களின் கடைப் படியே ஏற வேண்டாம். பிள்ளைகள் நடமாடுகிற காணி அது.

யூரியாவும் வேண்டாம். பூக்கும் முன் கொழுந்து போன உழுந்து தானாகவே பக்கக் கிளை விடும், காய்க்கப் பிந்தும், அவ்வளவுதான். யூரியா போட்டு இளசாகத் தளிர்க்க வைத்தால் மானுக்கு இன்னொரு பந்தி.

இனி வேலி. இதைச் சொன்னால் பழைய ஆள் என்பார்கள், என்றாலும் சொல்வேன். மான் பாயும்தான், ஆனால் அங்கால் தரை தெரியாத இடத்துக்குப் பாயப் பின்னிற்கும். முள்ளுக்கம்பிக்குள்ளால் காணி முழுக்கத் தெரிகிறது, நாலு நிரை கட்டினாலும் ஒன்று பாய்கிறது, ஒன்று இடையால் நுழைகிறது. யானைக்குப் போடுகிற சூரிய மின்வேலிக்கு அடியால் மான் குனிந்து போய்விடும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொளுவுவதைப் பற்றி இங்கே எழுதவே மாட்டேன், மனிதர் செத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கட்டிய அலம்பல் வேலி, காரை, சூரை முட்கிளைகளை நெருக்கி அடைத்தது, கண்ணை மறைத்தது. அதுதான் அதன் பலம்.

இப்போது ஒதுக்கக் காட்டில் அலம்பல் வெட்டினால் வன இலாகா பிடிக்கும், மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் போகவே கூடாது. அதனால் இந்தப் போகத்துக்குப் பழஞ்சேலை. காட்டுப்பக்கக் கரைக்கு மட்டும், நெஞ்சளவு உயரத்தில், அடிக்கரை நிலத்தில் முட்டும்படி கட்டுங்கள். மூன்று நான்கு அடி தள்ளி உள்ளுக்கு இன்னொரு நிரை. இரண்டையும் ஒரே பாய்ச்சலில் தாண்டத் துணியாது. மழை ஈரம் நிற்கும்போதே சேலையோரமாக முள்கிளுவைக் கதியால், அதாவது உயிர்வேலித் தடி, நெருக்கி ஊன்றிவிடுங்கள். மூன்று வருடத்தில் அது வேலி.

ஆனால் நீங்கள் தனியாக அடைத்தால் மான் பக்கத்துக் காணிக்குப் போகும், அவர் திரும்பவும் கம்பியோடு வருவார். முன்பு வயலுக்கு எல்லைவேலி ஒன்றுதான், காணியின் அளவுக்கு ஏற்ற பங்கு, வேலி அடைக்க ஒரு நாள், பங்கை விட்டவருக்குத் தண்டம். அதை விட்டுவிட்டு ஆளுக்கொரு முள்ளுக்கம்பிச் சுருள் வாங்கியதுதான் நாங்கள் செய்த பெரிய செலவு. காட்டோரம் உழுந்தும் கச்சானும் போட்டிருக்கிற எல்லாரையும் சேர்த்து, கமக்காரர் அமைப்பில் பேசி, கமநல சேவை நிலையத்துக் கூட்டத்தில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். அடுத்த காலபோகத்தில் எல்லாரும் ஒரே கிழமையில் விதையுங்கள். முந்தி முளைத்த காணிக்குத்தான் முழுக் கூட்டமும் வரும்.

உழவு மெசின் போய்வருகிற படலையை இரவில் யார் கட்டுவது என்பதையும் அதே கூட்டத்தில் பெயர் போட்டு எழுதுங்கள். நல்ல வேலி இருந்த காணிகளுக்குள்ளும் மான் படலையால்தான் வந்திருக்கிறது.