ஜூன் 5 அன்று நட்ட மரக்கன்றுகள் கொங்குப் பகுதியில் ஏன் கருகிப்போகின்றன?

1972 ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. அந்த நாளையே ஐ.நா. பொதுச்சபை உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவித்தது. நம்ம ஊர் மழைக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தமே இல்லை.

பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கம் மழைமறைவுப் பகுதி, அதாவது தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடும் இடம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் வரும், மழை பெரிதாக வராது. காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும், வேர் பிடிக்காத கன்றைச் சாய்க்கும். போட்டோவுக்கு நிற்கிறவர்கள் தண்ணீர் ஊற்ற வருவதில்லை என்பது தனிக்கதை.

ஜூனில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி மட்டும் எடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அக்டோபரில் நடுங்கள். வேம்பு, புங்கன், வெள்வேல் தாங்கும். பிளாஸ்டிக் பையை முழுதாகக் கிழித்தெடுக்க வேண்டும். விட்டால் வேர் உள்ளேயே சுருண்டுவிடும்.